அத்தியாயம் 9: பிஜிஏ சிப்பைக் கழற்றுதலும் மீண்டும் பொருத்துதலும்

முந்தைய அத்தியாயங்களில் பார்த்த ஐசிகளுக்கெல்லாம் கால்கள் வெளியே தெரிந்தன. அயர்ன் முனையை எங்கே வைக்கிறோம், சால்டர் எங்கே ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். பிஜிஏ வகைச் சிப்பில் அந்த வசதி இல்லை. அதன் இணைப்புகள் எல்லாம் வயிற்றுக்கு அடியில் சிறு சால்டர் உருண்டைகளாக, வரிசை வரிசையாக இருக்கின்றன. நூற்றுக்கணக்கான உருண்டைகளும் ஒரே நேரத்தில் உருக வேண்டும், ஒரே நேரத்தில் உறைய வேண்டும். நடுவில் எதையும் திருத்த முடியாது.

ஆகவே பிஜிஏ வேலையில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் சூட்டைத் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. குற்றம் எங்கே என்று கண்டறிவது, ஈரத்தைப் போக்குவது, வெப்பத்தை அளந்து வைப்பது ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்தவருக்குக் கழற்றுவதும் பொருத்துவதும் சில நிமிட வேலை. அவற்றைத் தாண்டிக் குதித்தவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஸ்டேஷனும் உதவாது.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: 17 மி.மீ. சதுரமான ஒரு சிப், 256 உருண்டைகள், உருண்டைக்கு உருண்டை 1.0 மி.மீ. இடைவெளி, காரீயம் இல்லாத சால்டர், 1.6 மி.மீ. தடிமன் கொண்ட ஆறடுக்கு போர்டு. இதில் கை பழகிய பிறகு 0.8, 0.5, 0.4 மி.மீ. இடைவெளிகளுக்குப் போகலாம்.

குற்றம் சால்டரில்தானா?

போர்டு வேலை செய்யவில்லை, சிப்பைச் சூடாக்கினால் உயிர் வருகிறது, ஆகவே அடியில் உள்ள சால்டர்தான் விட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. இது பல நேரங்களில் தவறான முடிவு.

பெரிய சிப் ஒன்றுக்குள் இரண்டு தளங்களில் இணைப்புகள் இருக்கின்றன. சிலிக்கான் துண்டைச் சிப்பின் அடித்தட்டோடு இணைக்கும் மிக நுண்ணிய சால்டர் புள்ளிகள் ஒரு தளம். அடித்தட்டைப் போர்டோடு இணைக்கும் உருண்டைகள் இன்னொரு தளம். நாம் மாற்றக்கூடியது இரண்டாவதை மட்டுமே. முதல் தளத்தில் விரிசல் இருந்தாலும், சூடு பட்டால் பொருள்கள் விரிந்து விரிசலின் இரு முகங்களும் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். போர்டு சில நாளோ சில வாரமோ ஓடும், பிறகு மீண்டும் நிற்கும்.

இதற்கு ஊரறிந்த சான்றுகள் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தனது சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களில் சிலிக்கானையும் உறையையும் சார்ந்த பொருள்களின் பலவீனத்தால் பழுது வருவதாக அறிவித்து, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் சிவப்பு வளையப் பழுதுக்காக மைக்ரோசாஃப்ட் 2007-இல் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்தது. உடைந்த இணைப்புகள் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே இல்லை, சிப்புக்கு உள்ளேயே இருந்தன என்று அதன் பொறியாளர்கள் 2021-இல் வெளிவந்த ஆவணப்படத்தில் விளக்கினார்கள். இந்த இரண்டு வகையிலும் உருண்டைகளைப் புதுப்பித்துப் பயனில்லை. நல்ல சிப்பைப் புதிதாகப் போடுவதே வழி.

எனவே சூட்டை எடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. மின் தடங்கள் ஒவ்வொன்றிலும் தரைக்கு உள்ள மின்தடையை அளந்து எழுதுங்கள். ஷார்ட் இருந்தால் அது சிப்பிலா, பக்கத்துக் கெபாசிட்டரிலா என்று பிரித்தறியுங்கள்.
2. மின்னழுத்தங்கள், கிளாக், ரீசெட் மூன்றும் சரியா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நல்ல சிப் செத்ததுபோல் கிடக்கும்.
3. கருவி கீழே விழுந்ததா என்று கேளுங்கள். விழுந்த போர்டில் மூலை உருண்டைகள்தான் முதலில் பாதிக்கப்படும். சில சமயம் சால்டர் முழுசாக இருக்க, பேடு மட்டும் அடியிலுள்ள பிசினோடு சேர்ந்து பெயர்ந்திருக்கும். இதைச் சூடு சரிசெய்யாது.
4. சிப்பை விரலால் மெல்ல அழுத்தினால் நடத்தை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் எங்கோ விரிசல் உண்டு என்பது உறுதி. அது எந்தத் தளத்தில் என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

தேவையான கருவிகள்

மேலிருந்து சூடு தரும் ஹாட் ஏர் அல்லது அகச்சிவப்பு ஸ்டேஷன்; சிப்பைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிய நாசில்; போர்டின் பெரும்பகுதியைக் கீழிருந்து சூடாக்கும் பிரீஹீட்டர்; போர்டு வளையாமல் தாங்கும் சட்டம்; குறைந்தது இரண்டு வழி உள்ள கே வகைத் தெர்மோகப்பிள் மானி; வேக்கம் பேனா; அகன்ற தட்டை முனை கொண்ட அயர்ன்; சால்டர் விக்; பசைத்தன்மை உள்ள நோ-கிளீன் ஃபிளக்ஸ்; ஸ்டென்சில், சால்டர் உருண்டைகள்; காப்டன் டேப்; ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்; நுண்ணோக்கி; எர்த் செய்த மணிக்கட்டுப் பட்டை.

பணம் குறைவாக இருந்தால் நல்ல பிரீஹீட்டருக்கும் தெர்மோகப்பிள் மானிக்கும் முதலிடம் கொடுங்கள். கீழ்ச்சூடு இல்லாமல் மேலே மட்டும் ஊதினால் சிப் அளவுக்கு மீறிக் காயும், அடியில் சால்டர் உருகாது. போர்டு அந்த இடத்தில் மட்டும் விரிந்து வளையும்.

புகையை உறிஞ்சும் விசிறி கட்டாயம். காரீயம் கலந்த சால்டரைத் தொட்ட கையால் எதையும் உண்ணக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எந்தக் கலவை என்று அறிதல்

வெள்ளீயம் 63, காரீயம் 37 சதவீதம் கொண்ட பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காரீயத் தடை 2006 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, நுகர்வோர் கருவிகளில் பெரும்பாலும் எஸ்ஏசி 305 வந்துவிட்டது. வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம் உள்ள இது 217 டிகிரியில் உருகத் தொடங்கி, ஏறக்குறைய 220-இல் முழுதாக உருகும். பிஸ்மத் கலந்த குறைசூட்டு சால்டர் 138 டிகிரியிலேயே உருகும்.

இரண்டு கலவைகள் கலக்கும் இடத்தில்தான் ஆபத்து. எஸ்ஏசி உருண்டையின் கீழே காரீயப் பேஸ்ட்டைத் தடவி 210 டிகிரியோடு நிறுத்தினால், பேஸ்ட் உருகும், உருண்டை உருகாது. கலவை பாதியில் நின்ற இணைப்பு நெடுநாள் தாங்காது. கலந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், உருண்டையும் முழுதாக உருகும் அளவுக்குச் சூட்டைக் கொண்டுபோங்கள். பிஸ்மத் பேஸ்ட்டைக் காரீய எச்சம் உள்ள பேடின் மேல் ஒருபோதும் தடவாதீர்கள். வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்தால் சுமார் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகிவிடும். வேலைச்சூடு ஏறும் சிப்பின் அடியில் அப்படி ஒரு கலவை இருக்கக் கூடாது.

பழைய செராமிக் சிப்கள் சிலவற்றில் 90 சதவீதம் காரீயம் கொண்ட உருண்டைகள் இருக்கும். அவை 300 டிகிரி அளவில்தான் முழுதாக உருகும் என்பதால், நாம் தரும் சூட்டில் அப்படியே நிற்கும். அவற்றுக்கு ஃபிளக்ஸ் மட்டும் போதாது, பேடுகளில் சால்டர் பேஸ்ட் அச்சிட வேண்டும்.

ஈரத்தைப் போக்குதல்

பிளாஸ்டிக் உறையுள்ள சிப் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 200 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அந்த ஈரம் நீராவியாகி, சோளப்பொரி வெடிப்பதுபோல் உறையை உள்ளிருந்து பிளக்கும். வெளியே தெரியாமல் உள்ளே அடுக்குகள் மட்டும் பிரிந்துவிடுவதும் உண்டு.

சிப்பின் உறைப்பையில் ஈர உணர்திறன் நிலை அச்சிட்டிருக்கும். நிலை 3 என்றால் பையைத் திறந்த பிறகு 168 மணி நேரம், நிலை 4 என்றால் 72 மணி, நிலை 5 என்றால் 48 மணி வெளியே வைக்கலாம். இந்தக் கணக்கு 30 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் மிகாத அறைக்கு உரியது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஏசி இல்லாத கடையில் ஆண்டின் பெரும்பகுதி இந்த அளவு தாண்டிவிடும். அங்கே அச்சிட்ட நேரத்தை நம்பாதீர்கள். சிப்களை உலர்த்தும் சரக்கோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

நேரம் தாண்டிய சிப்பை 125 டிகிரி அடுப்பில் உலர்த்த வேண்டும். உறையின் தடிமனையும் ஈர நிலையையும் பொறுத்து 5 மணி முதல் 48 மணி வரை ஆகும். சூடு தாங்காத டேப் சுருளில் வந்த சிப்பை அப்படியே 125 டிகிரியில் வைக்கக் கூடாது. தேவைக்கு மேல் உலர்த்தினால் உருண்டைகள் ஆக்சைடு ஏறிக் கறுக்கும்.

போர்டையும் உலர்த்துங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் கனெக்டர்களும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களும் இருந்தால் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

வெப்ப புரொஃபைல்

ஸ்டேஷனின் திரையில் 350 என்று காட்டினால் அது காற்றின் சூடு. சால்டர் உருண்டையின் சூடு எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. நாசிலின் உயரம், காற்றின் வேகம், போர்டில் உள்ள செம்புத் தளங்கள் எல்லாம் சேர்ந்து அதை மாற்றும். பக்கத்துக் கடைக்காரருக்குச் சரியாக வந்த எண் உங்கள் மேஜையில் சரியாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் பயனற்ற ஒரு போர்டைத் தேடி எடுங்கள், முடிந்தால் அதே மாதிரிப் போர்டு. அடியிலிருந்து சிறு துளையிட்டு ஒரு தெர்மோகப்பிள் முனையை நடு உருண்டையிலும், இன்னொன்றை மூலை உருண்டையிலும் தொடும்படி ஒட்டுங்கள். மேலும் வழிகள் இருந்தால் சிப்பின் மேற்புறத்தில் ஒன்றும், பக்கத்துச் சிப்பில் ஒன்றும் வையுங்கள். பிறகு அமைப்பை மாற்றி மாற்றி இந்த அளவுகளுக்குக் கொண்டுவாருங்கள்:

- ஏற்றம்: அறைச்சூட்டிலிருந்து 150 டிகிரி வரை, வினாடிக்கு 1 முதல் 3 டிகிரி. பெரும்பங்கு கீழ்ச்சூட்டிலிருந்து வர வேண்டும்.
- ஊறல்: 150-க்கும் 200-க்கும் இடையே 60 முதல் 120 வினாடி. ஃபிளக்ஸ் வேலை செய்யும் நேரம் இது. நடுவும் மூலையும் சமச்சூட்டுக்கு வருவதும் இப்போதுதான்.
- உருகல்: 217-க்கு மேல் 60 முதல் 90 வினாடி. இணைப்பின் உச்சச் சூடு 235 முதல் 245 டிகிரி.
- குளிர்தல்: வினாடிக்கு 2 முதல் 4 டிகிரி. சால்டர் உறையும்வரை போர்டை அசைக்கக் கூடாது.

காரீய சால்டராக இருந்தால் ஊறல் 100 முதல் 150 வரை, உச்சம் 205 முதல் 220 வரை போதும்.

நடு உருண்டைக்கும் மூலை உருண்டைக்கும் உள்ள வேறுபாடு 10 டிகிரிக்குள் இருக்கட்டும். சிப்பின் மேற்புறம் உற்பத்தியாளர் குறித்த உச்சத்தைத் தாண்டக் கூடாது. சிப்பின் தடிமனையும் பருமனையும் பொறுத்து அந்த உச்சம் 245, 250 அல்லது 260 டிகிரியாக இருக்கும். பக்கத்து பிஜிஏவின் இணைப்பு 180-ஐத் தாண்டாமல் காப்டன் டேப்பாலும் உலோகத் தடுப்பாலும் மறையுங்கள்.

கிடைத்த புரொஃபைலை நாசில் அளவு, உயரம், காற்று வேகம் உட்பட நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே போர்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

கழற்றுதல்

போர்டைச் சட்டத்தில் பொருத்துங்கள். நடுவில் தொங்கல் விழாமல் அடியில் தாங்கல் வையுங்கள். சிப்பின் விளிம்பெங்கும் ஃபிளக்ஸை மெல்லியதாகத் தடவி, எழுதிவைத்த புரொஃபைலை ஓட்டுங்கள். உருகல் நேரம் பாதி கடந்ததும், ட்வீசர் முனையால் சிப்பை மயிரிழை அளவு தள்ளிப் பாருங்கள். எல்லா உருண்டைகளும் உருகியிருந்தால், சிப் சற்று நகர்ந்து தானாகவே பழைய இடத்துக்கு வரும். வந்ததும் வேக்கம் பேனாவால் நேர் மேலே தூக்குங்கள்.

அசையாத சிப்பை நெம்பாதீர்கள். ஒரு மூலை உறைந்திருந்தாலும் அங்குள்ள பேடுகள் பிய்ந்து வரும். இன்னும் பத்து வினாடி பொறுத்துப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் வேலையை நிறுத்தி, ஆறவிட்டு, புரொஃபைலைத் திருத்துங்கள்.

பேடுகளைச் சுத்தம் செய்தல்

கீழ்ச்சூடு ஓடிக்கொண்டிருக்கட்டும். பேடுகள்மேல் புதிய ஃபிளக்ஸ் தடவி, அகன்ற முனையால் முதலில் அதிகப்படியான சால்டரை வழித்தெடுங்கள். பிறகு விக்கை மேலே வைத்து, அதன் மேல் அயர்னை வையுங்கள். அயர்னின் சொந்த எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம். விக்கைத் தேய்த்து இழுக்காமல், சால்டர் ஏறியதும் இரண்டையும் சேர்த்துத் தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். விக் பேடில் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், மீண்டும் சூடாக்குங்கள்.

ஆல்கஹாலால் துடைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். பேடுகள் எல்லாம் ஒரே உயரத்தில், மெல்லிய பளபளப்போடு இருக்க வேண்டும். பேடுக்கும் பக்கத்து வயாவுக்கும் நடுவே உள்ள சால்டர் மாஸ்க் கரையைத் தவறாமல் பாருங்கள். அந்தக் கரை உரிந்திருந்தால், உருகும் சால்டர் வயாவுக்குள் ஓடிவிடும், இணைப்பு வற்றிப்போகும். யூவி மாஸ்க் தடவி அதைச் சரிசெய்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

ரீபால் செய்வதா, புதுச் சிப்பா?

பொதுவாகச் சிப்கள் மூன்று முறை ரீஃப்ளோ சூட்டைத் தாங்கும் என்று சோதித்தே தகுதி பெறுகின்றன. தொழிற்சாலையில் பொருத்தியது ஒன்று. நீங்கள் கழற்றியது இரண்டு. புதிய உருண்டை ஒட்டியது, அதாவது ரீபால் செய்தது, மூன்று. மறுபடி பொருத்துவது நான்கு. ஆக, ரீபால் செய்த பழைய சிப் தன் கணக்கைத் தாண்டித்தான் போர்டில் ஏறுகிறது. புதிய சிப் கிடைக்கும் என்றால் அதையே போடுங்கள். கிடைக்காத சிப்புக்கும், உள்ளே தரவு அடங்கிய சிப்புக்கும் ரீபால் செய்யுங்கள்.

1.0 மி.மீ. இடைவெளிக்கு 0.5 அல்லது 0.6 மி.மீ. உருண்டையும், 0.5 மி.மீ. இடைவெளிக்கு 0.3 மி.மீ. உருண்டையும் வழக்கம். இறுதி அளவை டேட்டாஷீட்டில் பாருங்கள். சிப்பின் பேடுகளைச் சுத்தம் செய்து, ஃபிளக்ஸை ஒரே சீரான மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஸ்டென்சிலைப் பொருத்தி உருண்டைகளைக் கொட்டி, மிகுதியைத் தட்டி எடுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒன்று இருக்கிறதா, இரண்டு விழுந்துவிட்டதா என்று பாருங்கள். மெதுவாகச் சூடாக்குங்கள். காற்று வேகமாக இருந்தால் உருண்டைகள் ஓடும். ஆறியதும் கழுவி, எல்லா உருண்டைகளும் ஒரே உயரமா என்று பக்கவாட்டில் பாருங்கள்.

பொருத்துதல்

பேடுகள்மேல் ஃபிளக்ஸைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள். அளவு கூடினால் கொதித்து நுரைத்துச் சிப்பை நகர்த்திவிடும். சிப்பின் ஏ1 மூலைக் குறியையும் போர்டின் குறியையும் இரண்டு முறை ஒப்பிடுங்கள். போர்டில் அச்சிட்ட சதுரக் கோட்டுக்குள் சிப்பை வையுங்கள். சிறிய விலகலைப் பற்றிக் கவலை வேண்டாம். உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை சிப்பைத் தானே நடுவுக்கு இழுக்கும். உருண்டை பாதிக்கு மேல் பேடை விட்டு விலகியிருந்தால் மட்டும் அடுத்த பேடைப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

புரொஃபைலை ஓட்டுங்கள். உருண்டைகள் உருகும்போது சிப் சட்டென்று சற்று கீழே அமர்வதைப் பக்கவாட்டில் காணலாம். நான்கு பக்கமும் சமமாக அமர வேண்டும். மேலிருந்து அழுத்தாதீர்கள், அழுத்தினால் பக்கத்து உருண்டைகள் ஒன்றாகிவிடும்.

சோதித்தல்

மின்சாரம் கொடுக்கும் முன் மின்தடைகளை மீண்டும் அளந்து, முன்பு எழுதியவற்றோடு ஒப்பிடுங்கள். பிறகு கரண்ட் வரம்பு வைத்த பவர் சப்ளையில் தொடங்குங்கள். சிப்பில் ஜேடேக் வசதி இருந்தால் பவுண்டரி ஸ்கேன் மூலம் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளையும் சோதிக்கலாம். எக்ஸ்ரே வசதி இருந்தால் ஷார்ட்டும் காற்றுக்குமிழும் தெரியும். ஐபிசி 610 தரநிலை, எக்ஸ்ரே படத்தில் உருண்டையின் பரப்பில் 30 சதவீதம் வரை குமிழை ஏற்கிறது.

குறையும் காரணமும்

- பக்கத்து உருண்டைகள் ஒட்டிக்கொண்டன: ஃபிளக்ஸ் அல்லது பேஸ்ட் மிகுதி, சிப்பை அழுத்தியது, போர்டு வளைவு.
- உருண்டை பேடின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது, கலக்கவில்லை: சூடேறும்போது சிப் வளைந்து உருண்டை தூக்கியது, அல்லது ஃபிளக்ஸ் முன்னதாகவே தீர்ந்துபோனது. ஊறல் நேரத்தைச் சரிபாருங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இது எளிதில் சிக்காது.
- குமிழ்கள் மிகுதி: ஊறல் போதவில்லை, பேடில் அழுக்கு.
- சிப்பின் மேல் வீக்கம்: ஈரம் போகவில்லை. அந்தச் சிப்பைத் தூக்கி எறியுங்கள்.
- போர்டில் பழுப்புக் கறை, கொப்புளம்: மேல்சூடு மிகுதி, கீழ்ச்சூடு போதாமை.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியது

ஃபிளக்ஸும் உலர்த்தலும் புரொஃபைலும் இல்லாமல் சிப்பின் மேல் காற்றை ஊதி உயிர் கொடுப்பதைப் பழுதுபார்த்தல் என்று சொல்லிப் பணம் வாங்குவது இந்தத் தொழிலின் பெயரைக் கெடுக்கிறது. தரவை எடுத்துக்கொள்வதற்காக ஒருமுறை அப்படிச் செய்யலாம். அப்போதும் இது தற்காலிகம் என்று சொல்லிவிட்டே செய்யுங்கள். பேடுகள் பெயர்ந்த போர்டு, ஏற்கெனவே பலமுறை சூடுபட்ட சிப், உள்ளே விரிசல் கண்ட சிப் ஆகியவை வந்தால், காரணத்தை விளக்கி வேலையை மறுப்பதில் குறைவு ஒன்றுமில்லை.

புதிதாகப் பழகுபவர்கள் வாடிக்கையாளர் போர்டில் கைவைக்கும் முன், பயனற்ற போர்டுகளில் ஒரே சிப்பைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் தெர்மோகப்பிள் காட்டும் சூட்டை எழுதுங்கள். எண்கள் ஒன்றுபோல வரத் தொடங்கும்போது நீங்கள் இந்த வேலைக்குத் தயார்.